வெளிச்சம் ஏறாத பறவை

முதலில் அதைத் தூசி என்றுதான் சிவகணேஷ் நினைத்தான். படத்தின் வலது மேல்பக்கம், வெறும் வானம் இருக்கவேண்டிய இடத்தில், கடுகளவு கருப்பாக ஒரு புள்ளி. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஏற்கெனவே எரிச்சலில் வெந்துகொண்டிருந்தவனுக்கு இது வேறு.

எரிச்சலுக்குக் காரணம் பறவைகள்தான். பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிறுதோறும் விடியுமுன்னே காரை எடுத்துக்கொண்டு உவரிக் கடற்கரைக்குப் போய், ஆலாக்கள் பறப்பதைப் படம் எடுத்துக்கொண்டு வருவான். கரையோரம் வலை உதறும் இடத்தில் கொண்டை ஆலாக்கள் கூட்டமாக வந்து சுழலும். உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் கருப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. பார்க்க அத்தனை அழகு. படத்தில் மட்டும் அத்தனையும் அடுப்புக்கரி. அந்த மாதங்களில் கடல்பக்கத்து வானம் மந்தாரம் போட்டுவிடும். மழையும் வராது, வெயிலும் வராது. ட்யூப்லைட்டுக்கு மேல் வேட்டியைப் போர்த்தியது போல வானம் முழுக்க ஒரே வெள்ளையாக, கண் கூசும்படி எரியும். அந்த வெளிச்சத்தைக் கண்டு கேமரா மிரண்டு, தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வானம் சாம்பலாகும், பறவை கருகிப் போகும்.

வங்கியில் கடன் பிரிவில் எத்தனையோ கறாரான ஆட்களைச் சமாளிக்கிறவனுக்கு ஒரு கைப்பிடிப் பறவையைச் சமாளிக்க முடியவில்லை. பறவை ஆர்வலர் குழுவின் கூட்டத்தில் அவன் படங்களைப் பார்த்த பாக்கியசீலன், எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "ஏன் வே, அம்புட்டு தூரம் போயி காக்காயவா எடுத்துட்டு வந்தீரு? காக்கா நம்ம வீட்டுக் கொல்லையிலயே கெடக்கே." கூட்டம் சிரித்தது. சிவகணேஷும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

"தூசியா இருந்தா தொடைச்சுப் போடுங்க" என்றாள் சுகிர்தா, அவன் தோளுக்குப் பின்னால் நின்று கணினியைப் பார்த்தபடி. அவள் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. "உங்களுக்கு ஒரு பறவை வேணும். எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம வேணும். ரெண்டு பேருக்கும் கெடைக்கல, பாத்தீங்களா?"

பிள்ளை இல்லாத வீடு. அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்பதுதான் கணக்கு. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதை ஒருநாளும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல நினைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஆலா குறுக்கே பறந்துவிடும்.

அடுத்த வாரம் கேமராவின் சென்சாரைக் காற்றடித்துச் சுத்தம் செய்துகொண்டு போனான். கேமரா சொல்வதைக் கேட்காமல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் ஏறும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி கூட்டி வைத்தான். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், பறவையின் வயிறு தெரிந்தால் போதும். தெரிந்தது. மங்கலாகத்தான், ஆனாலும் இறகுக்கும் இறகுக்கும் இடையில் கோடு தெரிந்தது. அவனுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் புள்ளி அங்கேயே இருந்தது. இப்போது உளுந்தளவு.

அது இருந்த இடம்தான் அவனை இன்னும் கடுப்பேற்றியது. எந்தப் பறவையானாலும் அதன் முகத்தை அவன் படத்தின் வலது மேல்பக்கத்தில்தான் நிறுத்துவான். ஃபோக்கஸ் புள்ளியை அங்கேயே பூட்டி வைத்து, கை அதற்கே பழகிவிட்டது. சரியாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது அந்தக் கருப்பு. பறவை சரியாக வந்து மாட்டிய படங்களில் அதன் தலைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். குறி தப்பிய படங்களில், அதாவது முக்கால்வாசிப் படங்களில், வெட்கமில்லாமல் தெரியும்.

ஜங்ஷன் பக்கத்தில் கேமரா பழுது பார்க்கும் ஷமீமிடம் கொண்டுபோனான். ஷமீம் கழற்றிப் பார்த்தான், விளக்குப் போட்டுப் பார்த்தான், கடையின் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தான். சுவரில் ஒரு மறுவும் இல்லை.

"சென்சார் பளிங்கு மாதிரி இருக்கு அண்ணாச்சி. இதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப படத்துல தெரியுதே பாய், அது என்ன?"

ஷமீம் மெமரி கார்டில் இருந்த உவரிப் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பிறகு கேமராவை மெதுவாகக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "தூசி வளராது அண்ணாச்சி. இது போன வாரத்தவிட வளந்திருக்கு. ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி வேற தெரியுது. எதுக்கும் இதக் கொஞ்ச நாளு எடுக்காம வைங்களேன்."

அறிவுரை கேட்கவா கடைக்கு வந்தோம் என்று கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தான்.

அதற்கடுத்த ஞாயிறு உவரியில் காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கரையேறிய படகுகளின் மரத்தில் உப்பும் மீனும் டீசலும் கலந்த வாடை. வலை உதறும் ஆட்களின் பேச்சு. அதற்கு மேலே ஆலாக்களின் கீச்சொலி. சிவகணேஷ் ஈரமணலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து லென்ஸைத் தூக்கினான். வியூஃபைண்டருக்குள் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். பறந்து வருகிற கூட்டம் ஓரிடத்தில் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. ஆற்றில் பாறையைச் சுற்றி நீர் போவது போலச் சுற்றிப் போய் மறுபடி சேர்ந்துகொண்டது. நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் வானம். அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அவை கத்துவதை நிறுத்தின.

அவன் கேமராவைத் தாழ்த்தி வெறுங்கண்ணால் பார்த்தான். ஒன்றும் இல்லை. திரும்பிக் கோயில் கோபுரத்தின் பக்கம் குறி வைத்து ஒரு படம். திரையில் பார்த்தான். வலது மேல்பக்கம், அதே இடம். தெற்கே திரும்பி ஒரு படம். அதே இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்து வானத்தில் அது இருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு. விரித்த இறகுகளோடு.

பயந்திருக்க வேண்டியவன்தான். அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வாரம் தன்னைப் பாடாய்ப் படுத்தியது எதுவென்று பார்த்தே தீரவேண்டும் என்று எக்ஸ்போஷரைக் கூட்டினான். ஆலாக்களின் வயிறு பளிச்சென்று வந்தது; அந்தக் கருப்பு அப்படியே இருந்தது. இன்னும் கூட்டினான். ஆலாக்கள் வெளுத்து வானத்தோடு கரைந்தன. முடிந்த மட்டும் கூட்டினான். கடல் இல்லை, படகு இல்லை, கரை இல்லை, படம் முழுக்க வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் அது மட்டும் தனியாக, ஒரு இழைகூட வெளுக்காமல், அணைந்த அடுப்புக்குள் பார்ப்பது போல இருந்தது. இறகை அடிக்கவில்லை. தலை நேராக அவனைப் பார்த்து இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நெடுஞ்சாலையில் நமக்கு நேர் எதிரே வருகிற லாரி இடப்பக்கமும் போகாது, வலப்பக்கமும் போகாது. இருந்த இடத்திலேயே இருந்து பெரிதாக மட்டும் ஆகும்.

கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு அன்றைக்கு அவன் ஓடிவந்தான் என்றே சொல்லவேண்டும்.

அந்த வாரம் முழுக்கக் கேமராப் பை அலமாரிக்குள் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையிலும் மந்தாரம் போட்டது. ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. அவன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். வங்கியில் உட்கார்ந்து வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்த சமாதானங்கள் வரிசையாக வந்தன. உவரிக் காற்றில் உப்பு. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஷமீம் ஒரு அரைகுறை. வீட்டு மாடியில் இதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது. புள்ளி இருந்தால் லென்ஸ் கோளாறு. அவ்வளவுதான்.

மாடியில் சுகிர்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வானத்தை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் தைரியம் வரவில்லை. பறவை எடுக்கிறவர்கள் பறவை வருமுன்னே பக்கத்தில் நிற்கும் யாரையாவது அதே வானத்துக்கு எதிரே நிறுத்தி வெளிச்சம் சரிபார்த்துக்கொள்வது வழக்கம். "சுகி, கொஞ்சம் அங்கன நில்லேன். சுவத்துப் பக்கம். வெளிச்சம் பாக்கணும்."

அவள் கையிலிருந்த ஈரச் சேலையோடு அப்படியே நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். "கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் என்னைய எடுக்குதீங்க. நானும் ஒரு ஆலாவா பொறந்திருக்கணும்போல."

அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான். பழகிய கை அவள் முகத்தைப் பழகிய இடத்தில் நிறுத்தியது. திரையில் பார்த்தபோது அவனுக்கே நம்பமுடியவில்லை. வானம் பாலாக இருந்தது. அதன் முன்னால் அவள் முகம், மூக்குத்தி, கண்ணோரச் சுருக்கம், உதட்டுக்கு மேலே பூத்த வேர்வை, ஒவ்வொன்றும் துல்லியமாக. அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வானத்தை மூலைக்கு மூலை தேடினான். புள்ளி இல்லை. இன்னும் சில படங்கள் எடுத்தான். ஒன்றிலும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் இரண்டு மூன்று தடவை பிடரியைத் தடவிக்கொண்டாள். "என்னமோ ஊருத மாதிரி இருக்கு. பாருங்களேன்." பார்த்தான். ஒன்றும் இல்லை. தைலம் தேய்த்துவிட்டான்.

விடியுமுன் அவன் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நானும் வரட்டான்னு கேக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், கவனம் சிதறும் என்று நினைத்தான். அடுத்த வாரம் போவோம் என்றான்.

உவரியில் அன்று எல்லாமே அவனுக்காகச் செய்து வைத்தது போல இருந்தது. வெள்ளை மந்தாரம், தாழப் பறக்கும் ஆலாக்கள். கூட்டம் எங்கேயும் பிரியவில்லை, வானம் முழுக்க நிரம்பிக் கத்திக்கொண்டு பறந்தது. புள்ளி போன இடம் தெரியவில்லை. ஒரு ஆலா மீனைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேல் திரும்பியபோது அழுத்தினான். வயிற்று வெள்ளை, இறகோரத்துச் சாம்பல், மஞ்சள் அலகு, கண்ணில் ஒரு துளி வெளிச்சம். வந்துவிட்டது. பாக்கியசீலன் முகத்தில் அடிக்கிற மாதிரி வந்துவிட்டது.

"என்ன சார், இன்னிக்குத்தான் சிரிச்சுப் பாக்கேன்" என்றாள் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த லில்லி.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும். சுகிர்தாவிடம்தான் சொல்லவேண்டும். படகின் விளிம்பில் உட்கார்ந்து, போனை எடுக்குமுன் திரையில் படங்களைப் பின்னோக்கித் தள்ளினான். ஆலா. ஆலா. ஆலா. நேற்று மாடியில் எடுத்த சுகிர்தா. எத்தனை அழகாக இருக்கிறாள். தன்னையறியாமல் அவள் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

வலது மேல்பக்கம்.

விரல் அங்கேயே நின்றது. அவன் எந்த இடத்தில் அவளை நிறுத்தியிருக்கிறான் என்பது புரிய ஒரு கணம் ஆனது. புள்ளி போகவில்லை. அவள் தலைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. வேகவேகமாக அடுத்த படங்களுக்குப் போனான். கடைசிப் படத்தில் அவள் சிரித்துத் தலையைச் சற்றே சாய்த்திருந்தாள். காதோரம் கருப்பாக ஏதோ நீண்டிருந்தது. முடி என்று நேற்று நினைத்தது. பெரிதாக்கினான். அந்தக் காதோரமும். இந்தக் காதோரமும், விரித்த இறகு போல. அவள் முடி பழுப்புக் கலந்து வெளிச்சத்தில் மினுங்கியது. அது மினுங்கவில்லை.

தன்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. நடுவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது அவன்தான்.

போனை எடுத்து அழைத்தான்.

"சுகி, எங்கன இருக்க?"

"மாடியில. நேத்து துணி காயவே இல்ல, திருப்பிப் போட வந்தேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"கீழ எறங்கு. மொதல்ல கீழ எறங்கு."

"வெளிச்சம் எப்படி இருக்கு தெரியுமா? கண்ணத் தொறக்க முடியல. உங்களுக்கு ஏத்த வானம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏங்க, இங்கன ஒரு பறவை நிக்கு."

"நிக்கா?"

"ரெக்கையே அடிக்கல. நின்ன எடத்துல நிக்கு. பருந்தும் இல்ல. என்னன்னு தெரியல, கிட்ட வருது, வந்தா தெரிஞ்சிரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"பாக்காத. சுகி. பாக்காத, கண்ண மூடிட்டுக் கீழ—"

லைன் அறுந்துபோகவில்லை. கொடியில் ஈரத்துணி அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தெருவில் எங்கேயோ நாய் குரைத்தது. பிறகு துணிச்சத்தம் நின்றது. நாயும் நிறுத்தியது.

காரில் திசையன்விளையை எப்படித் தாண்டினான் என்று தெரியாது. இட்டமொழிப் பக்கம் செம்மண் தேரிமேடுகளும் பனைகளும் இரண்டு பக்கமும் ஓடின. போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது, இன்னும் இணைப்பில். கத்தினான். கெஞ்சினான். கடவுளே, அவளை விட்டுவிடு, என்னிடம் வா என்று யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னான். முன்கண்ணாடி முழுக்க வெள்ளை வானம். அதில் ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. அழுகை வந்தது.

மூலைக்கரைப்பட்டி. ரயில்வே கேட். காத்திருப்பு. ஹாரன். போனில் மூச்சு மாதிரி ஏதோ. மறுபடி ரோடு.

வாசல் திறந்துதான் இருந்தது. அடுப்படியில் காப்பிப் பாத்திரம் ஆறிப்போய் இருந்தது. மாடிப்படியில் கால் வைத்ததும் வாடை அடித்தது. மழையில் நனைந்த கோழிக்கூண்டின் வாடை. ஏறினான். கைப்பிடிச் சுவர் சூடாக இருந்தது. மேல்படியில் வெளிச்சம்.

அவள் நின்றாள்.

கொடிக்குப் பக்கத்தில். அவனுக்கு முதுகைக் காட்டி. மேலே பார்த்துக்கொண்டு.

உயிர் வந்தது அவனுக்கு. "சுகி." அருகே போனான். வானம் வெறுமையாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் வெளிச்சம். துணிகளின் மேல் வெளிச்சம். அவன் கைகளில், சட்டையில், தரையின் ஒவ்வொரு விரிசலிலும் வெளிச்சம். அவள் மேல் மட்டும் இல்லை. சேலையின் நிறம் தெரியவில்லை. பின்னல் தெரியவில்லை. ஆள் வடிவத்தில் கருப்பு. கண் கூசியதால் அப்படித் தெரிகிறது என்று அவளைச் சுற்றி வந்தான். வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முன்னால் வந்து நின்றான்.

முன்பக்கமும் அப்படித்தான் இருந்தது.

"வந்துட்டீங்களா?" அவள் குரல்தான். அவளுடைய அதே குரல். "ஏன் இப்படி நடுங்குதீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்."

அழுதுகொண்டே இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் தேடினான். இருந்தது. கதகதப்பாக இருந்தது. நெற்றி. புருவம். மூக்குத்தி விரலில் இடறியது. உதட்டுக்கு மேலே வேர்வை ஈரம். எல்லாம் அதனதன் இடத்தில். சுகி, என் சுகி என்று கன்னங்களைத் தாங்கிப் பிடித்தான். உள்ளங்கைக்கு அடியில் இமைகள் படபடத்தன. கண் இருக்கும் இடத்தில் முதலில். பிறகு கன்னத்தில். பிறகு தாடையில், கழுத்தில், அவன் கை பட்ட இடமெல்லாம், ஒவ்வொன்றாக, மெதுவாக, திறந்துகொண்டன.